பழுதான லாரியை ஓட்ட மறுப்பது குற்றமா?

கொச்சியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்கு நாட்டுக்குள் நுழையும் சாலை, தென்னிந்தியாவின் முக்கியமான சரக்குப் பாதைகளுள் ஒன்று. வல்லார்பாடம் கண்டெய்னர் முனையத்தின் சரக்கும் அம்பலமுகள் சுத்திகரிப்பு ஆலையின் எரிபொருளும் இவ்வழியேதான் கோவைக்கும் சேலத்துக்கும் அதற்கு அப்பாலும் செல்கின்றன. இப்பாதையில் ஐந்தாண்டு இடைவெளியில் நடந்த இரண்டு விபத்துகள், இன்றுவரை விடை காணப்படாத ஒரு கேள்வியை எழுப்பி நிற்கின்றன.

2020 பிப்ரவரி 20 அதிகாலை அவிநாசி அருகே, கொச்சியிலிருந்து டைல்ஸ் ஏற்றி வந்த கண்டெய்னர் லாரி சாலைத் தடுப்பைத் தாண்டி மறுபக்கம் பாய்ந்து, பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் சென்றுகொண்டிருந்த கேரள அரசுப் பேருந்தின் மீது மோதியது. பேருந்தின் ஓட்டுநர், நடத்துநர் உட்பட 19 பேர் மாண்டனர். லாரியின் டயர் வெடித்துவிட்டது என்று முதலில் சொல்லப்பட்டது. ஓட்டுநர் கண்ணயர்ந்துவிட்டார் என்று போக்குவரத்துத் துறையினரின் ஆய்வு கூறியது. 2025 ஜனவரி 3 அதிகாலை, கொச்சியிலிருந்து 18 டன் சமையல் எரிவாயுவுடன் வந்த டாங்கர், கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் இழுவை வண்டியிலிருந்து கழன்று கவிழ்ந்தது. எரிவாயு கசிந்தது. சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. தீயணைப்பு வீரர்கள் பல மணி நேரம் போராடி ஆபத்தைத் தடுத்தனர்.

ஓட்டுநர் என்ன செய்தார், எங்கே தவறினார் என்பதே இத்தகைய விபத்துகளுக்குப் பின் உடனடியாகக் கேட்கப்படும் கேள்வி. அதற்கு முந்தைய கேள்வியை எவரும் கேட்பதில்லை. டயர் தேய்ந்திருக்கிறது, பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை, இணைப்பு ஆடுகிறது, இரண்டு இரவாக உறக்கம் இல்லை என்று புறப்படும் முன்பே ஓர் ஓட்டுநர் கண்டால், 'இந்த வண்டியை இப்போது எடுக்க மாட்டேன்' என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டா? சொன்னபின் அவருடைய வேலை நிலைக்குமா? இந்தியச் சட்டங்களைப் புரட்டினால், உரிமை எதுவும் தென்படவில்லை. தண்டனை மட்டும் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது.

ஓட்டினால் தண்டனை, மறுத்தால் பட்டினி

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 190, பழுதான வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. பழுது ஓட்டுநருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. சாதாரணக் கவனத்துடன் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றாலே போதும். 2019 திருத்தத்துக்குப் பின் இதற்கு அபராதம் 1,500 ரூபாய். அப்பழுதினால் விபத்து நேர்ந்து எவருக்கேனும் காயமோ பொருட்சேதமோ ஏற்பட்டால், மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். உயிரிழப்பு நேர்ந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு வந்து நிற்கிறது. அலட்சியத்தால் மரணம் விளைவித்ததற்கு ஐந்தாண்டு வரை சிறை.

வண்டியை ஓட்டுபவரோடு, ஓட்டச் செய்பவரும் ஓட்ட அனுமதிப்பவரும் குற்றவாளிகளே என்றுதான் பிரிவு 190 சொல்கிறது. நடைமுறை வேறு. சாலையில் நிறுத்தப்படும் வண்டியில் இருப்பவர் ஓட்டுநர். விபத்து நடந்த இடத்தில் கூட்டத்தின் கையில் அகப்படுபவரும் அவரே. உரிமையாளரும் புக்கிங் முகவரும் சரக்கு அனுப்பிய நிறுவனமும் பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார்கள்.

தகுதிச் சான்று இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். எட்டு ஆண்டுக்கு உட்பட்ட சரக்கு வாகனத்துக்கு அச்சான்று இரண்டு ஆண்டு செல்லும். அதற்கு மேல் வயதான வண்டிக்கு ஓராண்டு. சோதனைக்குச் செல்லும் நாளில் நல்ல டயர் மாட்டி, விளக்குகளைச் சரிசெய்து, வண்ணம் பூசி நிறுத்துவது ஊரறிந்த வழக்கம். ஏனைய நாட்களில் அந்த வண்டிக்கு உள்ள ஒரே ஆய்வாளர் அதன் ஓட்டுநர்தான். பிரேக் மிதியில் கால் வைத்தவுடன் காற்றழுத்தம் குறைவதை உணர்பவர் அவர். பழுதைக் கண்டறியும் கடமையைச் சட்டம் இந்த ஆய்வாளரின் தோளில் ஏற்றியிருக்கிறது. வண்டியை நிறுத்தும் அதிகாரத்தை மட்டும் கொடுக்க மறுக்கிறது.

மறுக்கும் ஓட்டுநரை எந்த முதலாளியும் முறைப்படி பணிநீக்கம் செய்வதில்லை. அதற்கு அவசியமே இல்லை. பெரும்பாலான லாரி ஓட்டுநர்களிடம் பணி நியமனக் கடிதம் கிடையாது. நடைக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு பேட்டா என்பதே கூலி. வண்டியை எடுக்க மறுத்தால் அந்த நடைக்கான வருமானம் போகும். அடுத்த நடைக்கு அழைப்பு வராது. சாவி வேறொருவர் கைக்குப் போகும்; அவரும் பசித்த குடும்பம் உடையவர், அதே பழுதான வண்டியை எடுத்துக்கொண்டு புறப்படுவார்.

மட்டாஞ்சேரியின் சாப்பாவும் லாரியின் சாவியும்

இந்த முறை கொச்சிக்குப் புதிதல்ல. கொச்சித் துறைமுகத்தில் ஒரு காலத்தில் 'சாப்பா' என்ற உலோக வில்லைகளை மூப்பன் கூட்டத்துக்குள் வீசுவான். தள்ளுமுள்ளில் அதைப் பிடித்தவருக்கு அன்று வேலை. மூப்பனின் கண்ணுக்குப் பிடிக்காதவருக்கும், கூலி உயர்வு கேட்டவருக்கும், மூட்டை பாரம் என்று முணுமுணுத்தவருக்கும் சாப்பா கிடைக்காது. எவரையும் வேலையிலிருந்து நீக்க வேண்டியதில்லை. மறுநாள் வேலை தராமல் இருந்தாலே போதும்.

அம்முறையை எதிர்த்துத் தொழிலாளர்கள் நீண்ட வேலைநிறுத்தம் நடத்தினர். 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் காவல்துறை சுட்டது. சைது, செய்தலவி, ஆன்டணி ஆகிய மூவரைத் தொழிலாளி வர்க்கம் அப்போராட்டத்தில் பறிகொடுத்தது. துறைமுகத்தில் வேலையை முறைப்படுத்தும் வாரியம் பின்னர் அமைந்ததற்குப் பின்னால் இந்த இரத்தம் இருக்கிறது. வேலையை வழங்கும் அதிகாரம் ஒரு தனிமனிதனின் விருப்பத்தில் இருக்கும் வரை, தொழிலாளியின் எந்த உரிமையும் காகிதத்தில்தான் இருக்கும் என்பது மட்டாஞ்சேரி கற்றுத்தந்த பாடம்.

சாப்பா ஒழிந்தது; அதன் விதி ஒழியவில்லை. நகரின் மறுபக்கத்தில் கலூர் சந்திப்பில், விடியற்காலையில் கூலி வேலைக்கு ஆள் எடுக்கப்படுவதை அப்பகுதித் தோழர்கள் அறிவார்கள். முன்பு தமிழ்நாட்டிலிருந்தும், பின்பு வங்கம், ஒடிசா, அசாமிலிருந்தும் வந்தவர்கள் அங்கே நிற்கிறார்கள். சாரம் ஆடுகிறது என்று நேற்றுச் சொன்னவர் இன்று அழைக்கப்படமாட்டார். லாரிச் செட்டிலும் இதே விதிதான். வில்லையின் இடத்தில் சாவி.

கலூர் சந்திப்பு இன்னோர் உண்மையையும் உணர்த்துகிறது. மெட்ரோ நிலையமும் தனியார் பேருந்து நிலையமும் கடைத்தெருவும் நெருங்கிய அவ்விடத்தில் பிரேக் பிடிக்காத கனரக வண்டி ஒன்று நுழைந்தால், முதலில் அடிபடுபவர்கள் யார்? வேலைக்குக் காத்து நிற்கும் அதே கூலித் தொழிலாளர்கள், பேருந்துக்கு ஓடும் கடை ஊழியர்கள், பள்ளிப் பிள்ளைகள். ஓட்டுநரின் மறுப்புரிமையை ஒரு தொழிற்பிரிவின் சலுகையாக மட்டும் பார்ப்பது தவறு. சாலையில் நடக்கும் ஒவ்வொருவரின் உயிர்க்காப்பும் அதில் அடங்கியிருக்கிறது. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நிகழ்ந்தன. 1,68,491 பேர் இறந்தனர். ஒன்றிய அரசின் அறிக்கை பெரும்பகுதி மரணங்களை 'அதிவேகம்' என்ற தலைப்பில் வைக்கிறது. அந்த வேகத்தை யார் கட்டளையிட்டார், எந்த நேரத்துக்குள் சரக்கு சேர வேண்டும் என்று யார் நிர்ணயித்தார் என்பதற்கு அந்த அட்டவணையில் இடமில்லை.

புதிய சட்டத்தொகுப்பு தந்ததும் பறித்ததும்

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகளை ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அவற்றுள் ஒன்றான தொழில் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் சட்டத்தொகுப்பு, ஓட்டுநர்களுக்கென்று இருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தை விழுங்கிவிட்டது. பழைய சட்டம் ஐந்து தொழிலாளர்கள் உள்ள போக்குவரத்து நிறுவனத்துக்கே பொருந்தியது. புதியது பத்துப் பேர் வேண்டும் என்கிறது. இரண்டு, மூன்று லாரிகளை வைத்து நடத்தப்படும் நிறுவனங்கள் மலிந்த ஒரு தொழிலில், எல்லையை ஐந்திலிருந்து பத்தாக உயர்த்துவது எத்தனை ஓட்டுநர்களைச் சட்டத்துக்கு வெளியே தள்ளும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

உள்ளே இருப்பவர்களுக்கேனும் பாதுகாப்பு உண்டா? தொகுப்பின் 14ஆம் பிரிவு 'ஊழியரின் உரிமைகள்' என்ற தலைப்பைத் தாங்கியிருக்கிறது. உடனடியாகக் கடுங்காயமோ மரணமோ நேரக்கூடும் என்று நியாயமாக அஞ்சும் ஊழியர், அதை முதலாளியின் கவனத்துக்கும், ஆய்வாளர்-வசதியாளர் எனப்படும் அதிகாரியின் கவனத்துக்கும் கொண்டுவரலாம். முதலாளி ஒப்புக்கொண்டால் சரிசெய்ய வேண்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் அதிகாரியிடம் அனுப்ப வேண்டும். அவர் முடிவே இறுதி. அதற்குள் வேலையை நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒரு சொல் இல்லை. நிறுத்தியவர் பழிவாங்கப்படமாட்டார் என்றும் ஒரு சொல் இல்லை.

போபால் படுகொலைக்குப் பின் 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 41எச் பிரிவின் வழிவந்ததுதான் இந்த 14ஆம் பிரிவு. நான்கு சுவர்களுக்குள் நிற்கும் ஆலையை மனத்தில் வைத்து எழுதப்பட்ட ஏற்பாட்டை, இரவு இரண்டு மணிக்கு வாளையாற்றில் நிற்கும் லாரிக்கு நீட்டினால் என்ன பயன்? அங்கே எந்த ஆய்வாளர் வருவார்? பாதுகாப்புக் குழு எங்கே கூடும்? புகார் எழுதி முடிவுக்குக் காத்திருக்கும் நேரத்தில் வண்டி குதிரான் இறக்கத்தைக் கடந்துவிடும், அல்லது கடக்காமலே போய்விடும்.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் கனரக லாரிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்கிறது மற்றொரு விதி. வெப்பத்தில் வேகும் ஓட்டுநருக்கு அது நல்லதே. ஆனால் குளிர்ந்த அறையில் அமர்ந்திருப்பவருக்கும் தேய்ந்த டயரை மறுக்கும் உரிமை வேண்டும்.

உலகம் ஏற்ற உரிமை

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 155ஆம் உடன்படிக்கை 1981இல் நிறைவேறியது. உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடியான கடும் ஆபத்து உண்டு என்று நியாயமான காரணத்துடன் நம்பி வேலையிலிருந்து விலகும் தொழிலாளியை, அதனால் வரும் தகாத விளைவுகளிலிருந்து காக்க வேண்டும் என்று அதன் 13ஆம் விதி கூறுகிறது. 2022 ஜூனில் அந்த அமைப்பின் மாநாடு பாதுகாப்பான பணிச்சூழலை அடிப்படை உரிமைகளின் வரிசையில் சேர்த்தது. உடன்படிக்கையை ஏற்புறுதி செய்யாத உறுப்பு நாடுகளும் அக்கோட்பாட்டை மதிக்கக் கடமைப்பட்டவை. இந்தியா விதிவிலக்கல்ல.

தொழிற்சங்கங்களை ஒடுக்குவதில் பெயர்பெற்ற அமெரிக்காவிலேயே, பாதுகாப்பற்ற லாரியை ஓட்ட மறுக்கும் ஓட்டுநரைப் பணிநீக்கம் செய்யக்கூடாது என்று 1982 முதல் சட்டம் இருக்கிறது. அதன் வலிமையும் பலவீனமும் ஒரே வழக்கில் வெளிப்பட்டன. 2009 ஜனவரியில் இல்லினாய் மாநிலத்தில், கடுங்குளிர் இரவில், டிரான்ஸ்ஆம் நிறுவனத்தின் ஓட்டுநர் ஒருவருடைய டிரெய்லரின் பிரேக்குகள் உறைந்துபோயின. அறையின் வெப்பமூட்டியும் வேலை செய்யவில்லை. பழுதுபார்ப்பவர் வரவில்லை, உடல் மரத்துப்போகத் தொடங்கியது. டிரெய்லரை இழுத்துக்கொண்டு போ, அல்லது அங்கேயே இரு என்றது நிறுவனம். அவர் டிரெய்லரைக் கழற்றிவிட்டு இழுவை வண்டியில் மட்டும் வெளியேறி உயிர் தப்பினார். வேலை போனது. தொழிலாளர் துறை அவர் பக்கம் நின்றது. 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை உறுதிசெய்தது.

எதிராக நின்ற ஒரு நீதிபதி நீல் கோர்சச். சட்டம் காப்பது வண்டியை ஓட்ட மறுப்பவரை. இவரோ ஓட்டிச் சென்றுவிட்டார் என்பது அவரது வாதம். மறுஆண்டே அவர் அமெரிக்க உச்சநீதிமன்றத்தில் அமர்த்தப்பட்டார். உயிருக்குப் போராடிய தொழிலாளியைச் சட்டத்தின் ஒரு வினைச்சொல்லைக் கொண்டு தோற்கடிக்கப் பார்க்கும் நீதிபதிகள் எல்லா நாடுகளிலும் உண்டு. ஆகவே, மறுப்புரிமை கேட்பவர்கள் அதன் ஒவ்வொரு சொல்லையும் தொழிலாளியின் பக்கமிருந்து எழுதிக் கேட்க வேண்டும்.

மூலதனம் நூலின் முதல் தொகுதியில், வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில், லண்டன் விசாரணை மன்றத்தின் முன் நிறுத்தப்பட்ட மூன்று ரயில் தொழிலாளர்களை மார்க்ஸ் காட்டுகிறார். பெரும் விபத்து ஒன்றில் பயணிகள் மாண்டதற்கு அவர்களின் கவனக்குறைவே காரணம் என்பது குற்றச்சாட்டு. அவர்களோ தங்கள் வேலைநேரம் 14, 18, 20 மணி என நீண்டதையும், பயணிகள் நெரிசலின்போது 40, 50 மணி வரை ஓய்வின்றி உழைத்ததையும் சொன்னார்கள். மன்றம் அவர்களைக் குற்ற விசாரணைக்கு அனுப்பியது. கம்பெனிகளுக்கோ மெல்லிய அறிவுரை ஒன்றோடு முடித்துக்கொண்டது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும், ரயிலுக்குப் பதில் லாரியை வைத்தால் அக்காட்சி மாறவில்லை.

எழும் மறுப்புகள்

இந்த உரிமை வந்தால் ஒவ்வொரு ஓட்டுநரும் சாக்குச் சொல்லி வண்டியை நிறுத்துவார் என்பது முதலாளிகளின் முதல் வாதம். நடைக்குக் கூலி பெறுபவர் வண்டியை நிறுத்தித் தம் வருமானத்தைத் தாமே ஏன் இழக்கப்போகிறார்? இன்றைய கூலிமுறை ஓட்டுநரைத் தள்ளுவது எதிர்த்திசையில். காய்ச்சலோடும் உறக்கமின்றியும் ஓட்டச் சொல்கிறது. பொய்யாக மறுப்பவரைப் பட்டறையில் அரைமணி நேரச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இந்தியாவில் பெருந்தொகையான லாரிகள் ஓரிரு வண்டி மட்டும் உடைய சிறு உரிமையாளர்களுடையவை. பலர் தாமே ஓட்டுநர்கள். டீசல் விலை, சுங்கக் கட்டணம், காப்பீடு, மாதத் தவணை ஆகியவற்றுக்கு இடையில் புதிய டயர் வாங்க அவர்களிடம் பணம் இல்லை. மறுப்புரிமை இவர்களை நசுக்கிவிடாதா? உரிமை லாரி உரிமையாளருக்கு எதிராக மட்டும் எழுதப்பட்டால் நசுக்கத்தான் செய்யும். சரக்கின் மேல் இலாபம் பார்ப்பவர் அவரல்லர். வாடகையை அடிமட்டத்துக்கு இறக்கி, நேரத்தை நெருக்கி, தாமதத்துக்குப் பிடித்தம் செய்பவை சரக்கு அனுப்பும் பெருநிறுவனங்களும் எண்ணெய் நிறுவனங்களும் பெரும் போக்குவரத்துக் கம்பெனிகளுமே. பாதுகாப்புக் காரணத்தால் ஏற்படும் தாமதத்துக்குப் பிடித்தம் செய்வது சட்டவிரோதம் என்றாக்கினால், சிறு உரிமையாளரும் ஓட்டுநரும் ஒரே பக்கத்தில் நிற்க முடியும்.

இதற்கான விதை சட்டத்திலேயே இருக்கிறது. கூடுதல் பாரம் ஏற்றிய வண்டியின் ஓட்டுநர் உரிமையாளராக இல்லாதபோது, அக்குற்றம் உரிமையாளருக்குத் தெரிந்தே, அல்லது அவரது உத்தரவின்படியே நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என மோட்டார் வாகனச் சட்டத்தின் 113ஆம் பிரிவு கூறுகிறது. பாரத்துக்குப் பொருந்தும் நியாயம் பிரேக்குக்கும் டயருக்கும் பொருந்தாதா?

போராட்டத்தின் கோரிக்கைகள்

2024 ஜனவரியின் முதல் நாட்களில் நாட்டின் பல பகுதிகளில் ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்தினர். விபத்து நடந்த இடத்திலிருந்து தப்பினால் பத்தாண்டு வரை சிறை என்ற 106(2) பிரிவுக்கு எதிராகத் திரண்ட எதிர்ப்பு அது. அரசு பின்வாங்கியது; 2024 ஜூலை 1 அன்று புதிய குற்றவியல் சட்டம் வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. சிதறிக் கிடப்பவர்கள், ஒன்றுதிரட்ட முடியாதவர்கள் என்று கருதப்பட்ட ஓட்டுநர்கள் தங்கள் வலிமையை அன்று காட்டினர். ஆயினும் அது தண்டனையைத் தடுக்கும் தற்காப்புப் போராட்டம். விபத்தையே தடுக்கும் உரிமைக்கான போராட்டம் அடுத்த கட்டம்.

அதன் கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். புறப்படும் முன் பிரேக், டயர், ஸ்டியரிங், விளக்கு, டிரெய்லர் இணைப்பு, சரக்குக் கட்டு ஆகியவற்றை ஓட்டுநர் சோதித்துக் கையெழுத்திடும் தாள் கட்டாயமாக வேண்டும்; அதன் ஒரு படி அவரிடமே இருக்க வேண்டும். பழுதான வண்டியையும், ஓய்வின்றி ஓட்டச் சொல்லும் நடையையும் மறுக்கும் உரிமை வெளிப்படையாக எழுதப்பட வேண்டும். மறுத்த நேரத்துக்கும் கூலியும் பேட்டாவும் உண்டு. ஒருவர் மறுத்த வண்டியைப் பழுது நீக்காமல் வேறொருவரிடம் கொடுப்பது குற்றமாக வேண்டும். இது இல்லையேல் மற்றவை பயனற்றவை. மறுத்தவருக்கு அடுத்து வேலை தரப்படாவிட்டால், பழிவாங்கல் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. பத்துப் பேர், ஐந்து பேர் என்ற எண்ணிக்கை வரம்பு இதற்குப் பொருந்தக்கூடாது.

தொழிலாளர் நலன் பொதுப் பட்டியலில் உள்ளது. அரசமைப்பின் 254(2) பிரிவின்படி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலுடன் மாநிலங்கள் தமக்கெனத் திருத்தம் கொண்டுவர முடியும். ஒப்புதல் எளிதில் வராது என்பது தெரிந்ததே. சட்டமன்றத்தில் கோரிக்கையை எழுப்பி, ஒன்றிய அரசை அதற்கு விடை சொல்ல வைப்பதும் போராட்டத்தின் பகுதியே. ஒரே பாதையின் இரு முனைகளில் இருக்கும் கேரளமும் தமிழகமும் ஒரே வரைவை முன்வைத்தால், வாளையாற்றைத் தாண்டியவுடன் ஓட்டுநரின் உரிமை காணாமற்போகாது.

சட்டம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. கொச்சியின் கண்டெய்னர் நிறுத்தங்களிலும், நாமக்கல்லின் டாங்கர் லாரி செட்டுகளிலும், சங்ககிரியின் பட்டறைகளிலும் தோழர்கள் இப்பணியை நாளையே தொடங்கலாம். சங்கத்தின் பெயரில் சோதனைத் தாளை அச்சிட்டு விநியோகிப்பது முதற்படி. ஓர் ஓட்டுநர் மறுத்த வண்டியைச் சங்க உறுப்பினர் எவரும் எடுப்பதில்லை என்ற முடிவு அடுத்த படி. மறுத்தவரின் வீட்டில் அந்த வாரம் உலை கொதிக்கச் சங்கத்தின் நிதியிலிருந்து உதவுவது மூன்றாவது. ஒருவரின் மறுப்பு வேலை இழப்பில் முடியும். அனைவரின் மறுப்பு வண்டியைப் பட்டறைக்கு அனுப்பும். சாப்பாவை ஒழித்ததும் இந்த ஒற்றுமைதான்.